குழியில் நண்பர்கள், வளைவில் எதிரிகள்: எண்ணெயிலும் வாயுவிலும் மிதந்த கார்கள்

‘சொகுசு’ என்ற சொல்லை நாம் வசதியானவர்களின் சொல்லாகவே பார்த்துப் பழகிவிட்டோம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் போக்குவரத்துப் பற்றி வன்னியில் தகவல் சேகரித்த காலத்தில்தான் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் இருப்பது எனக்குப் புரிந்தது. நான் கேட்காமலே பலரும் சொன்ன விடயம் குலுக்கல். கிளினிக் நாளன்று வைத்தியர் செய்வதை விட, அங்கே போய்வரும் வாகனம் செய்வதுதான் உடம்பை முறிக்கிறது என்றார் ஒருவர். எறிகணைச் சிதறல்களை இன்னும் உடம்பில் வைத்திருப்பவர்களும் இதையே சொன்னார்கள். ஏ-9 வீதி இப்போது காப்பெற் வீதிதான். ஆனால் அதிலிருந்து இறங்கும் கிரவல் வீதிகளும் ஒழுங்கைகளும் அப்படியில்லை.

வாகனத்தைக் குலுங்காமல் ஓடச் செய்ய முடியாதா என்ற கேள்வியோடு தேடத் தொடங்கி, நான் போய்ச் சேர்ந்த இடம் பிரான்ஸ். 1950களில் அங்கே சித்ரோயன் நிறுவனம் இரும்பு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, எண்ணெயையும் வாயுவையும் வைத்து ஒரு காரைச் செய்தது. ‘ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன்’ என்பது அதன் பெயர். ‘ஹைட்ரோ’ திரவத்தையும் ‘நியூமேட்டிக்’ வாயுவையும் குறிக்கும். ஏறக்குறைய 60 ஆண்டுகள் அந்த நிறுவனம் ஒரே கேள்வியோடுதான் மல்லுக்கட்டியது: மெத்தென்று ஓடும் கார், வளைவிலும் பிறேக்கிலும் உறுதியாக நிற்குமா?

ஒரு ஸ்பிரிங்குக்கு மூன்று வேலை

சாதாரண வாகனமொன்றின் இரும்பு ஸ்பிரிங் மூன்று வேலைகளைச் செய்கிறது. வாகனத்தின் பாரத்தைத் தாங்குகிறது. குழியிலும் திட்டியிலும் சில்லு மேலும் கீழும் போகும்போது அந்த அசைவை உள்வாங்குகிறது. வளைவில் உடற்பகுதி ஒரு பக்கம் சரியாமல் எதிர்த்து நிற்கிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும். இரண்டாவதற்கு மென்மையான ஸ்பிரிங் வேண்டும். சிக்கல் இங்கேதான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங் மேல் இருக்கும் பாரம் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை ஊசலாடும் என்பதே அதன் இயற்கை மீடிறன். அது ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, அதாவது 1 ஹேர்ட்ஸ் ஆக இருந்தால் பயணம் மிக மென்மையாக இருக்கும். ஆனால் அதற்கு அந்த ஸ்பிரிங் வாகனத்தின் சொந்தப் பாரத்திலேயே சுமார் 25 சென்ரிமீற்றர் அமுங்கியிருக்க வேண்டும். அதன் மேல் பாதிப் பங்கு பாரத்தைக் கூடுதலாக ஏற்றினால் இன்னும் 12 சென்ரிமீற்றருக்கு மேல் கீழே இறங்கும். அப்படி இறங்கும் கார் நிலத்தில் உரசும். எனவே ஸ்பிரிங்கை இறுக்கமாக்குகிறார்கள். மீடிறன் 1.5 ஹேர்ட்ஸ் ஆனால் அமுங்கும் அளவு 11 சென்ரிமீற்றராகக் குறைந்துவிடும். பாரம் ஏற்றலாம், ஆனால் குலுக்கல் கூடும்.

நம்மவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். சாமான் ஏற்றும் வான் வெறுமையாகப் போகும்போது துள்ளும். மூட்டைகளை ஏற்றினால் அதே வான் அடங்கி ஓடும். அந்த ஸ்பிரிங்கின் இறுக்கம் முழுப் பாரத்துக்காகத் தீர்மானிக்கப்பட்டது. பாரம் குறைந்தால் மீடிறன் கூடுகிறது. பல நாடுகளில் அம்புலன்ஸ்கள் சரக்கு வான்களின் அடித்தளத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. மூட்டைகளுக்காகச் செய்த ஸ்பிரிங்கின் மேல் ஒரேயொரு நோயாளி படுத்திருக்கிறார். இறுதி யுத்தத்தில் காயப்பட்டவர்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றவர்களுக்கு, ஸ்பிரிங்கே இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மனித உடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. இருந்தபடி பயணிக்கும் ஒருவரின் உடல், மேல்கீழ் அதிர்வில் செக்கனுக்கு 4 தொடக்கம் 8 தடவை வரும் அதிர்வையே அதிகம் தாங்காது. முள்ளந்தண்டும் வயிற்று உறுப்புகளும் அந்த அதிர்வோடு சேர்ந்து ஆடத் தொடங்குவதே காரணம். மாறாக, 0.5 ஹேர்ட்ஸுக்குக் கீழான மெதுவான ஆட்டம் குமட்டலைத் தரும். கடற்பயண வாந்தி இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே நல்ல சஸ்பென்ஷன் 4 முதல் 8 வரையான அதிர்வை வடிகட்ட வேண்டும். அதேவேளை வள்ளத்தைப் போலவும் ஆடக்கூடாது.

மென்மைக்கும் பிடிமானத்துக்கும் உண்மையில் பகையா?

மெத்தென்று ஓடும் கார் தளம்பும், இறுக்கமான கார் வீதியைப் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதிதான் சரி. வாகனத்தின் பிடிமானம் டயர் வீதியோடு அழுந்தியிருப்பதால் வருவது. குழிவிழுந்த வீதியில் இறுக்கமான ஸ்பிரிங் சில்லைத் துள்ளவிடுகிறது. அந்தரத்தில் நிற்கும் டயரால் பிறேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. மென்மையான ஸ்பிரிங், நல்ல தணிப்போடு சேர்ந்தால், சில்லை நிலத்தோடு தொடர்ந்து அழுத்திவைக்கும். கெட்ட வீதியில் சொகுசும் பிடிமானமும் ஒரே கட்சி.

அவை எதிரிகளாவது வளைவிலும், சடுதியாகப் பிறேக் பிடிக்கும்போதும், ஸ்டேரிங்கை வேகமாக ஒடிக்கும்போதும். அந்த நேரத்தில் மென்மையான ஸ்பிரிங் மேலிருக்கும் உடற்பகுதி சரிகிறது, மூக்கைக் குத்துகிறது. ஓட்டுநர் கொடுத்த கட்டளைக்கும் வாகனம் அதற்குப் பணிவதற்கும் இடையில் தாமதம் வருகிறது. சித்ரோயன் பொறியியலாளர்களின் அறுபது ஆண்டு வேலையை இந்த இரண்டு நிலைமைகளையும் பிரித்தறியும் முயற்சி என்றே நான் வாசிக்கிறேன்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் தொடங்கிய வேலை

இந்தச் சஸ்பென்ஷனை உருவாக்கியவர் போல் மாஜேஸ். 1908 இல் பிறந்தவர். 17 வயதில் சித்ரோயனில் சேர்ந்தார். பொறியியல் பட்டம் பெற்றவர் அல்ல, சொந்த முயற்சியால் படித்தவர். நிறுவனத்தின் தலைவராக இருந்த பியேர்-ஜூல் பூலாஞ்சே 1942 இல் அவரை ஆய்வுப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். பிரான்ஸ் அப்போது ஜேர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அதே ஆய்வுப் பிரிவு, தான் உருவாக்கிக்கொண்டிருந்த 2சிவி என்ற சிறிய காரின் மாதிரிகளை ஆக்கிரமிப்பாளர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருந்தது. கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டையும் உடையக்கூடாது என்பது 2சிவிக்குப் பூலாஞ்சே விதித்த நிபந்தனை. கமக்காரனுக்கும் சொகுசு தேவை என்று நினைத்தவர்கள் அவர்கள்.

பூலாஞ்சே 1950 இல் கார் விபத்தில் இறந்தார். மாஜேஸின் வேலை தொடர்ந்தது. 1954 இல் ‘15-சிக்ஸ் எச்’ என்ற காரின் பின்பக்கத்தில் மட்டும் புதிய சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டது. 1955 ஒக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் டி.எஸ். 19 வந்தது. நான்கு சில்லுகளிலும் இரும்பு ஸ்பிரிங் இல்லை. முதல் 15 நிமிடத்தில் 743 பேரும், முதல் நாள் முடிவதற்குள் ஏறக்குறைய 12,000 பேரும் அதற்குப் பதிவு செய்தார்கள். 1975 வரை சுமார் 14 இலட்சத்து 50 ஆயிரம் கார்கள் தயாரிக்கப்பட்டன.

உருண்டைக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் இரும்பு உருண்டை. அதன் நடுவே ஓர் இறப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறுபக்கம் எண்ணெய். சில்லைத் தாங்கும் கை ஒரு பிஸ்டனோடு இணைந்திருக்கிறது. சில்லு திட்டியில் ஏறும்போது பிஸ்டன் எண்ணெயை உருண்டைக்குள் தள்ளும். எண்ணெய் அமுங்காது, வாயு அமுங்கும். திட்டி கடந்ததும் வாயு விரிந்து எண்ணெயைத் திருப்பித் தள்ளும். ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வது அந்த வாயுதான். நைதரசனைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு: உயர் அமுக்கத்தில் எண்ணெயின் பக்கத்தில் ஒட்சிசன் இருப்பது ஆபத்து.

உருண்டையின் கழுத்தில் சிறு துளைகளும் வால்வுகளும் இருக்கின்றன. எண்ணெய் அவற்றுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு போகும்போது வேகம் தணிகிறது. சாதாரண வாகனத்தில் சொக் அப்சோபர் செய்யும் வேலை இது. அது தனியாக இல்லை, உருண்டைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது பகுதி உயரத் திருத்தி. எஞ்சினால் இயங்கும் பம்ப் ஒன்று எண்ணெயை 150 வளிமண்டலத்தை அண்டிய அமுக்கத்தில் சேமித்துவைக்கிறது. கார் டயரில் இருப்பது இரண்டு வளிமண்டலத்தைச் சற்றே தாண்டும் அமுக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். பின்னிருக்கையில் மூவர் ஏறி கார் அமுங்கினால், உயரத் திருத்தி கூடுதல் எண்ணெயை உள்ளே விடும். கார் பழைய உயரத்துக்கு எழும்பும். இறங்கினால் எண்ணெய் வெளியேறும். இந்தத் திருத்தம் வேண்டுமென்றே மெதுவாக நடக்கும்படி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு குழிக்கும் அது பதில் சொல்லப் புறப்பட்டால் கார் ஓயாமல் ஏறி இறங்கும்.

பாரத்தைத் தாங்குவதும் குழியை விழுங்குவதும் இங்கே வெவ்வேறு பொருள்களின் பொறுப்பாகிவிட்டன. பாரத்தால் வரும் உயர மாற்றத்தை எண்ணெயின் அளவு பார்த்துக்கொள்கிறது. குழியை வாயு பார்த்துக்கொள்கிறது. உயரம் மாறாததால் ஸ்பிரிங்கை எவ்வளவும் மென்மையாக வைக்கலாம். இரும்பு ஸ்பிரிங்கால் எட்ட முடியாத இடம் இது.

இன்னொரு நயமும் உண்டு. போயிலின் விதிப்படி, பாரம் கூடும்போது உருண்டைக்குள் வாயுவின் கனவளவு குறைகிறது, அமுக்கம் கூடுகிறது. அதனால் பாரம் கூடக்கூட இந்த ஸ்பிரிங் தானாகவே இறுகுகிறது. இரும்பு ஸ்பிரிங்குள்ள வான் வெறுமையாக இருக்கும்போது துள்ளும் அல்லவா, இங்கே நிலைமை தலைகீழ். தனியொருவர் பயணிக்கும்போதுதான் இது ஆகவும் மென்மையாக இருக்கும்.

பிறேக்கும் இதே எண்ணெயால்தான் இயங்குகிறது. 1970 இல் வந்த ஜி.எஸ்., 1982 இல் வந்த பி.எக்ஸ். போன்ற கார்களில் பின்பிறேக்குக்கான அமுக்கம் பின்சஸ்பென்ஷனிலிருந்தே எடுக்கப்பட்டது. பின்னால் பாரம் கூடினால் பின்பிறேக்கின் வலுவும் கூடும், பாரம் குறைந்தால் குறையும். சொகுசுக்காகச் செய்த ஒன்று பாதுகாப்புக்கும் பயன்பட்டது.

மென்மைக்குக் கொடுத்த விலை

வளைவில் என்ன நடந்தது? டி.எஸ். சரிந்தது. ஓர் அச்சின் இடது, வலது உருண்டைகள் குழாயால் தொடுக்கப்பட்டவை. ஒரு பக்கம் அமுங்கினால் எண்ணெய் மறுபக்கம் போகலாம். சரிவைத் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் ‘அன்டி-ரோல் பார்’ எனும் குறுக்குத் தண்டின் தலையில் விழுந்தது. அந்தத் தண்டைத் தடிப்பாக்கினால் சரிவு குறையும். ஆனால் அது இரண்டு சில்லுகளையும் ஒன்றோடொன்று கட்டிவிடுவதால், ஒரு சில்லு மட்டும் குழியில் விழும்போது அந்த அடி உடற்பகுதிக்கு வந்துவிடும். மெல்லியதாக்கினால் மென்மை மிஞ்சும், சரிவும் மிஞ்சும். சித்ரோயன் மென்மையின் பக்கமே நின்றது.

சரிந்தாலும் டி.எஸ். வீதியை விட்டுக்கொடுக்கவில்லை. 1959 இல் மொன்டே கார்லோ ரலியை வென்றது, டி.எஸ்.ஸின் எளிமையான வடிவமான ஐ.டி. 19. 1968 இல் லண்டனிலிருந்து சிட்னி வரை நடந்த நெடுந்தூரப் போட்டியில், ஒரு டி.எஸ். முடிவை நெருங்கும்வரை முன்னணியில் இருந்தது. போட்டியில் இல்லாத வேறொரு காரோடு மோதியதால்தான் வெற்றி கைநழுவியது. கரடுமுரடான வீதியில் மென்மையும் பிடிமானமும் ஒரே கட்சி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அதேவேளை, டி.எஸ்.ஸின் பின்னிருக்கையில் குமட்டல் வருகிறது என்ற முறைப்பாடும் அந்தக் காலத்திலிருந்தே இருந்தது. மெதுவான ஆட்டத்தின் விலை அது.

டி.எஸ். பற்றிச் சொல்லும்போது ஒரு பதுங்கித் தாக்குதலைத் தவறாமல் சொல்வார்கள். 1962 ஓகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு அருகே பெத்தி-கிளமாரில், அல்ஜீரிய விடுதலையை எதிர்த்த ஓ.ஏ.எஸ். அமைப்பினர் ஜனாதிபதி சார்ல்ஸ் டி கோலின் கார் மீது நூற்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டார்கள். டயர்கள் துளைக்கப்பட்டன. ஆனாலும் ஓட்டுநர் பிரான்சிஸ் மாரு காரை நிறுத்தாமல் ஓட்டித் தப்பினார். டி கோலும் அவரது மனைவியும் மருமகனும் உயிர் தப்பினார்கள். உருண்டைச் சஸ்பென்ஷன் காப்பாற்றியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் புகழில் பங்கு கேட்க வேறு சிலவும் உண்டு. உயரத் திருத்தி, சில்லின் கைக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான உயரத்தையே அளக்கிறது, டயரின் காற்று அதற்குத் தெரியாது. டி.எஸ்.ஸின் முன்சில்லு திரும்பும் அச்சு, சில்லின் நடுக்கோட்டின் வழியே செல்கிறது. அதனால் டயர் வெடித்தாலும் ஸ்டேரிங் ஒரு பக்கம் இழுபடாது. அத்தோடு முன்சில்லு இழுவை. எல்லாவற்றுக்கும் மேலாக, சூட்டுக்கு நடுவே கால் நடுங்காத ஓட்டுநர்.

தேவைப்படும்போது மட்டும் இறுகுவது

எப்போதும் மென்மை அல்லது எப்போதும் இறுக்கம் என்ற நிலையை 1989 இல் வந்த எக்ஸ்.எம். மாற்றியது. அதன் சஸ்பென்ஷனுக்கு ‘ஹைட்ராக்டிவ்’ என்று பெயர். ஒவ்வோர் அச்சிலும் இரண்டு உருண்டைகளுக்கு நடுவே மூன்றாவது உருண்டை ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த வழி திறந்திருந்தால் வாயுவின் கனவளவு கூடும், எண்ணெய்க்கும் கூடுதல் துளைகள் கிடைக்கும். கார் மென்மையாக ஓடும். மின்வால்வு அந்த வழியை மூடினால் அடுத்த கணமே கார் இறுகும்.

எப்போது மூடுவது? ஸ்டேரிங் எவ்வளவு, எவ்வளவு விரைவாகத் திருப்பப்படுகிறது, பிறேக் எவ்வளவு அழுத்தப்படுகிறது, அக்சிலேற்றர் எவ்வாறு மிதிக்கப்படுகிறது, உடற்பகுதி எவ்வளவு அசைகிறது, வேகம் என்ன என்பவற்றை உணரிகள் கணினிக்குச் சொல்லும். ஓட்டுநர் ஸ்டேரிங்கை ஒடித்தால், உடற்பகுதி சரியத் தொடங்குவதற்கு முன்பே கார் இறுகத் தயாராகிவிடும். நேரான கரடுமுரடான வீதியில் அது மென்மையாகவே ஓடும். நண்பர்களாக இருக்கும்போது மென்மை, எதிரிகளாகும் கணத்தில் இறுக்கம்.

இந்த வழியில் ஆகக்கூடிய தூரம் போனது சான்ரியா ஆக்டிவா. 1990களின் நடுப்பகுதியில் வந்தது. குறுக்குத் தண்டுகளோடு ஹைட்ரோலிக் சிலிண்டர்களை இணைத்து, சரிவை ஏறக்குறைய அரைப் பாகைக்குள் கட்டுப்படுத்தினார்கள். பார்வைக்குச் சரியவே சரியாத கார். சுவீடனில் வீதிக்குக் குறுக்கே திடீரென வரும் காட்டுமான் ஒன்றைத் தவிர்ப்பதுபோல் காரை ஒடித்துத் திருப்பும் ஒரு சோதனை உண்டு. ‘தெக்னிக்கென்ஸ் வார்ல்ட்’ சஞ்சிகையின் அந்தச் சோதனையை 1999 இல் சான்ரியா ஆக்டிவா மணிக்கு 85 கிலோமீற்றர் வேகத்தில் தாண்டியது. பின்னர் வந்த விலைமிகுந்த விளையாட்டுக் கார்கள் பலவற்றாலும் நீண்ட காலம் எட்ட முடியாத வேகம் அது. இரவில் மாடுகள் படுத்திருக்கும் வீதிகளில் ஓடுகின்ற நமக்கு அந்தச் சோதனையின் பெறுமதி விளங்கும்.

நோயாளிக்கும் பீரங்கிக்கும்

இந்தச் சஸ்பென்ஷனின் மென்மையை நன்றாகப் பயன்படுத்தியவர்களில் அம்புலன்ஸ்காரர் முக்கியமானவர்கள். டி.எஸ். குடும்பத்தின் நீண்ட பின்பகுதி கொண்ட கார்களும், 1974 இல் வந்த சி.எக்ஸ்.ஸும் பிரான்ஸில் அம்புலன்ஸாக ஓடின. படுத்திருக்கும் நோயாளிக்கு உயரம் மாறாத, குலுங்காத தளம். ஏற்றி இறக்கும்போது காரையே தாழ்த்திக்கொள்ளலாம். குதிரைப் பந்தயங்களை ஓடியபடியே படம்பிடிக்க பி.பி.சி. சி.எக்ஸ்.ஸைப் பயன்படுத்தியதும் இதே காரணத்துக்காகத்தான்.

அதே தத்துவம் போர்க்களத்துக்கும் போனது. சுவீடனின் எஸ்-ராங்கியில் பீரங்கிக் குழாய் உடற்பகுதியோடு அசையாமல் பொருத்தப்பட்டது. குறியை மேலும் கீழும் மாற்ற, சஸ்பென்ஷனில் எண்ணெயை ஏற்றி இறக்கி முழு வாகனத்தையே சாய்த்தார்கள். சென்னைக்கு அருகே ஆவடியில் உருவாக்கப்பட்ட இந்தியாவின் அர்ஜுன் ராங்கியும் எண்ணெய்-வாயு சஸ்பென்ஷன் கொண்டதுதான். காயப்பட்டவரை நோகாமல் கொண்டுபோகும் உருண்டைக்கும், காயப்படுத்துகிற குழாயை ஆடாமல் பிடிக்கும் உருண்டைக்கும் உள்ளே இருப்பது ஒரே நைதரசன்.

ஏன் நின்றுபோனது?

ரோல்ஸ்-ரொய்ஸ் 1965 இல் சில்வர் ஷடோவின் உயரம் சமன் செய்யும் பகுதிக்கு சித்ரோயனின் உரிமத்தைப் பெற்றது. மெர்சிடிஸ் 1975 இல் 450 எஸ்.இ.எல். 6.9 காருக்குத் தனக்கென ஓர் எண்ணெய்-வாயு சஸ்பென்ஷனைச் செய்தது. ஆனாலும் இது உலக வழமையாகவில்லை. உயர் அமுக்கக் குழாய்கள், பம்ப், வால்வுகள் என்று செலவு கூடியது. எல்லாக் கராஜ்களிலும் இதைத் தெரிந்த மெக்கானிக் இல்லை. இதற்கிடையில் இரும்பு ஸ்பிரிங்கும், மின்னணுவால் கட்டுப்படும் சொக் அப்சோபரும் மலிவாகவும் தரமாகவும் வளர்ந்துவிட்டன. ஐரோப்பாவில் 2017 இல் சி-5 காரின் தயாரிப்பு நின்றதோடு சித்ரோயனின் உருண்டைகளின் காலமும் முடிந்தது. இன்று அந்த நிறுவனம் பயன்படுத்துவது வேறொரு முறை. இரும்பு ஸ்பிரிங்கோடு வரும் சொக் அப்சோபரின் இரு முனைகளிலும் சிறிய ஹைட்ரோலிக் தடுப்புகளை வைத்து, கடைசி அடியை மென்மையாக்குகிறார்கள். தமிழ்நாட்டின் திருவள்ளூரில் பொருத்தப்பட்ட சி-5 எயர்குரோஸிலும் இருந்தது இதுதான், உருண்டை அல்ல.

பிரான்ஸில் வாழும் நம்மவர்களின் கைகளில் பழைய சான்ரியாவோ சி-5 ஓ இன்னும் இருக்கலாம். அவர்களுக்குச் சில குறிப்புகள். நைதரசன் ஆண்டுகள் செல்லச்செல்ல சவ்வினூடே கசிந்து குறையும். அப்போது கார் ஸ்பிரிங்கே இல்லாததுபோல் அடிக்கும். உருண்டையை மாற்றினால் அல்லது மீள நிரப்பினால் பழைய மென்மை திரும்பும். எண்ணெயைக் கலக்கவே கூடாது. 1960களின் நடுப்பகுதிவரை வந்தவை சிவப்பு எண்ணெய். பின்னர் சி-5 வரும்வரை பச்சை எண்ணெய். 2001 இல் வந்த சி-5 இலிருந்து செம்மஞ்சள் எண்ணெய். தவறான எண்ணெய் இறப்பர் சீல்களை அழித்துவிடும். இன்னொன்று: சஸ்பென்ஷனை உயர்த்தி வைத்துவிட்டு, தாங்கி எதுவும் வைக்காமல் காருக்குக் கீழே போகாதீர்கள். அமுக்கம் போனால் கார் உங்கள் மேல் இறங்கும்.

நமக்கு இதில் என்ன?

வன்னியில் இந்தக் கார்கள் ஓடப்போவதில்லை. ஆனால் அவற்றின் கணக்கு இங்கேயும் செல்லும். நோயாளியை ஏற்றும் வானின் டயர்க் காற்றைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கி அடிப்பது, ஸ்பிரிங்கை இறுக்கியதற்குச் சமம். எண்ணெய் கசிந்துபோன சொக் அப்சோபர், குலுக்கலையும் கூட்டும், பிடிமானத்தையும் குறைக்கும். அதை மாற்றுவது சொகுசுச் செலவு அல்ல, பிறேக்கைத் திருத்துவதைப் போன்ற பாதுகாப்புச் செலவு. முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள இருக்கையில் மேல்கீழ் அசைவு குறைவு. பின்சில்லுக்கு நேர் மேலேயும் அதற்குப் பின்னாலும் கூட. முள்ளந்தண்டில் காயம் உள்ளவரை, ஏற்றுவதற்கு இலகு என்பதற்காகக் கடைசியில் இருத்துவது ஆகக் கெட்ட தெரிவு. பெரிய சரக்கு வானில் தனியொரு நோயாளியைக் கொண்டுபோவதை விட, அதே வீதியில் ஒரு சாதாரண கார் அவரைக் குறைவாகவே குலுக்கும்.

அம்புலன்ஸோ, மாற்றுத்திறனாளிகளுக்கான வாகனமோ நன்கொடையாக வரும்போது அதன் இருக்கைகளையும் குளிரூட்டியையும் எண்ணிப் பார்க்கிறோம். வெறுமையாக ஓடும்போது அதன் ஸ்பிரிங் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பவர் குறைவு. அன்பளிப்புச் செய்யும் அமைப்புகளிடமும் கொள்வனவு செய்யும் அதிகாரிகளிடமும் அந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும். உழுத வயலில் முட்டை உடையக்கூடாது என்று ஒரு கார் நிறுவனத்தால் நிபந்தனை விதிக்க முடிந்ததென்றால், முறிந்த முள்ளந்தண்டோடு கிளினிக்குக்குப் போகிறவருக்காக நாமும் ஒரு நிபந்தனை விதிக்கலாம்.